சாமிக்குப் படைக்காத கூழ்

நம் சபையின் அறுப்பின் பண்டிகையன்று விருந்து முடிந்து எல்லோரும் மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தபோது நான் பாதியில் எழுந்து போய்விட்டேன் என்று உங்களில் சிலருக்கு மனவருத்தம் என்று கேள்விப்பட்டேன். முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினேன். அது பொய். எனக்குக் கோபம் வந்தது, அதனால் போனேன்.

எவர்சில்வர் டம்ளரில் எல்லோருக்கும் கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கும். மோர் விட்டு, வெங்காயம் அரிந்து போட்டு, ஐஸ் கட்டிகூட மிதந்தது. அதைக் குடித்துக்கொண்டே உங்களில் ஒருவர், அந்தக் காலத்தில் நம் லைனில் மதமாவது ஒன்றாவது, ஒரே பானைக் கூழைத்தானே எல்லோரும் குடித்தோம் என்று சொன்னார். எல்லோரும் தலையாட்டினீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, அதுவும் உங்க அப்பா சபை மூப்பரா இருந்த காலம் மாதிரி வருமா என்றார். அப்போதுதான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

நீங்கள் என் வயதுக்காரர்கள். சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய அந்த லைனில், அதே மூங்கில் தட்டி வீடுகளில் பிறந்தவர்கள். அந்தப் பானை எங்கள் வாசலில் இருந்தது, நீங்கள் குடித்ததும் உண்மைதான். அது எப்படிக் கவிழ்ந்தது என்பது மட்டும் உங்கள் எல்லோருக்கும் சௌகரியமாக மறந்துபோய்விட்டது.

பேத்தமங்கலத்து ஏரித் தண்ணீர் குழாயில் வருவதற்கு முந்தைய கோடைகள் எப்படி இருந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரை காலையிலேயே சுட ஆரம்பித்துவிடும். மில்லில் தங்கக் கல் இடிக்கும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருக்கும். வெயில் ஏற ஏற அது தலைக்குள்ளேயே இடிப்பது போல இருக்கும். சுரங்க ஷாஃப்டிலிருந்து கூண்டில் ஏறி வரும் ஆண்கள் மழையில் நனைந்தவர்களைப் போல வருவார்கள். மேலே வந்ததும் அந்த ஈரம் காய்ந்து சட்டையில் வெள்ளையாக உப்புக் கோடு விழும். என் அப்பா கீழே சுரங்க லெவலில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலையில் இருந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்தால் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிடுவார். பேச வாய் வராது. அத்தை ஒரு மண்சட்டி நிறையக் கூழைக் கையில் கொடுப்பாள். அதைக் குடித்து முடித்த பிறகுதான் அவருக்கு எங்கள் முகம் தெரியும்.

அத்தை என்றால் அப்பாவின் சொந்த அக்கா. எங்களுக்கு அடுத்த வீட்டில், மாமாவோடு இருந்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. தாது வருஷப் பஞ்சத்தில் வேலூர்ப் பக்கத்தில் அவர்களுடைய அம்மாவும் அப்பாவும் செத்துப்போனபோது அத்தை சிறுமி, என் அப்பா நடக்கப் பழகிய பிள்ளை. அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்து கஞ்சித்தொட்டியில் வரிசையில் நின்றவள் அவள். தொட்டியில் கொடுத்த கஞ்சியில் தன் பங்கிலும் பாதியை அவருக்கு ஊட்டினாள் என்று மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளாகச் சொன்னதில்லை. பிறகு தங்கவயலில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மாமாவோடும் தம்பியோடும் இங்கே வந்தாள். தம்பிக்குப் பெண் பார்த்ததும் அவள்தான். வேதக்காரர் வீட்டுப் பெண் என்று தெரிந்தேதான் பார்த்தாள். அந்த வீட்டில் சேர்ந்தால் தம்பி படிக்கக் கற்றுக்கொள்வான் என்பது அவள் கணக்கு. அப்பா ஞானஸ்நானம் வாங்கிய அன்று வேதக் கோயில் வாசலில் நின்று அழுதாளாம். சந்தோஷத்தில் அழுதேன் என்று சொன்னாளாம். அவள் மட்டும் மாரியம்மனை விடவில்லை. யாரும் விடச் சொல்லவும் இல்லை, உபதேசியார் வரும்வரை.

இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரு புங்கமரம் இருந்தது. அதன் நிழலில் அத்தை ஒரு குழி வெட்டி, ஏரி மணலைக் கொட்டி, இரண்டு பானைகளைக் கழுத்து வரைக்கும் புதைத்து வைத்திருந்தாள். மேலே சாக்கு. அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் அலம்பிய தண்ணீர் எல்லாம் அந்த மணலுக்குத்தான் போகும். வேறு எங்காவது ஊற்றினால் எங்களுக்குத் தலையில் குட்டு விழும். முதல் நாள் மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பாள். மறுநாள் சாயங்காலம் நொய்யை வேகவிட்டு, அந்த மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டுவாள். துடுப்பு அடிப்பானையில் உரசும் சத்தம் மாறும். கையை நனைத்துக் கூழைத் தொட்டுப் பார்ப்பாள். ஒட்டவில்லை என்றால் இறக்குவாள். ஆறிய பிறகு குழிப் பானைக்கு மாற்றினால் விடியும்போது அது குளத்துக்கு அடியில் இருக்கும் சேறு மாதிரிக் குளிர்ந்திருக்கும். என் அம்மா மோர் கடைந்து கொண்டுவருவாள். கூழைக் கட்டியில்லாமல் கையாலேயே கரைப்பது அம்மாவின் வேலை. உப்பு, சின்ன வெங்காயம், மாங்காய்த் துண்டு.

அது மட்டும் இல்லை. பிஞ்சு வெள்ளரிக்காய் கிடைக்கும் வாரத்தில் அத்தை அதைத் துருவி, கொத்துமல்லியும் பச்சைமிளகாயும் அம்மியில் நசுக்கி, மோரில் கலந்து அந்தக் குழியிலேயே வைப்பாள். மோர் கிடைக்காத நாளில் பச்சைப்புளிச் சாறு. புளியைக் கரைத்து, காய்ந்த மிளகாயை நெருப்பில் சுட்டு நொறுக்கிப் போட்டு, வெங்காயத்தைக் கையால் பிசைந்து விடுவாள். அடுப்பே வேண்டாம். அந்தச் சுட்ட மிளகாயின் வாசனைக்கு ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் எங்கள் வாசலில் தயங்குவார்கள். வா, குடிச்சிட்டுப் போ என்பாள் அத்தை. எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று ஒருவனையும் கேட்டதில்லை.

அந்த வருஷம் கோயிலில் பிரசங்கம் செய்யப் புதிதாக ஓர் உபதேசியார் வந்தார். இளம் வயது, கணீரென்ற குரல். சபைக்கு ஒரு மூப்பரைச் சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சும் அப்போதுதான் எழுந்தது. அப்பாவின் பெயரைச் சொன்னார்கள். அப்பாவுக்கு அது எவ்வளவு பெரிது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வாரம் முழுக்க மேஸ்திரி அவரை வாடா போடா என்றும், அதைவிட மோசமாகவும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒருவர் அவரை ஐயா என்று கூப்பிட்டார். வேதத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் எதையும் கொடுத்திருப்பார் என்று இப்போது புரிகிறது. புரிந்தால் கோபம் குறைய வேண்டும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. ஏனென்றால் கொடுத்தது அவருடையது இல்லை.

சித்திரையில் லைனில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். அந்த வாரத்தில்தான் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். குழியில் இருந்த பானை அன்று வெளியே எடுக்கப்பட்டு இரண்டு வாசலுக்கும் நடுவில் இருந்தது. கழுத்தைச் சுற்றி வேப்பிலை கட்டியிருந்தது. ஈ மொய்க்காமல் இருக்க அத்தை எப்போதும் கட்டுவதுதான். நானும் என் சின்னத் தம்பியும் சட்டியில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தோம். உபதேசியார் ஒன்றும் சத்தம் போடவில்லை. பானையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அப்பாவைத் தனியாக அழைத்துப்போய்ச் சிரித்த முகமாகத்தான் பேசினார். விக்கிரகத்துக்குப் படைத்ததை நாளைக்கு மூப்பராகப் போகிறவர் வீட்டுப் பிள்ளைகள் குடிக்கலாமா, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாராம். அதைக் கேட்டுவிட்டு அவர் போயிருந்தால்கூட வேறு மாதிரி முடிந்திருக்கும். அவர் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், அப்பா என்ன செய்கிறார் என்று பார்க்க.

அப்பா என் கையிலிருந்த சட்டியை வாங்கிக் கீழே கொட்டினார். தம்பியுடையதையும் கொட்டினார். பிறகு பானையைக் காலால் சாய்த்தார். உதைத்தார் என்று நான் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் சாய்த்தார் என்று எழுதுகிறேன். கூழ் மெதுவாகத்தான் வெளியே வந்தது. புழுதியில் கொஞ்ச தூரம் போய், நின்று, காய ஆரம்பித்தது. ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உங்களில் சிலருடைய அப்பாக்களும் அதில் இருந்தார்கள்.

அத்தை உள்ளேயிருந்து வந்தாள். கையில் துடுப்பு இருந்தது. அழவில்லை, வையவில்லை.

"ஊத்திட்டியா தம்பி. இது அம்மனுக்கு வெச்சது இல்ல. அம்மன் பானை உள்ள கீது, யாரும் தொடல. இது நீ ஷிஃப்ட்டுக்குப் போறியேன்னு காய்ச்சினது."

 உபதேசியார்தான், எந்தப் பானையாக இருந்தாலும் அந்த வீட்டு அடுப்பில் வந்ததுதானே என்றார். அத்தை அவரைப் பார்க்கவே இல்லை. தன் தம்பியை, என் அப்பாவை மட்டும் பார்த்துவிட்டுக் காலிப் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் அப்பா மூங்கில் தட்டி வாங்கிவந்து வாசலிலும் பின்கட்டிலும் இரண்டு வீட்டுக்கும் நடுவே கட்டினார். மரம் முட்டுக்கொடுக்கிறவர் கட்டிய தட்டி, ஆடவே இல்லை. புங்கமரமும் குழியும் அத்தை பக்கம் போய்விட்டன.

வீட்டில் கூழ் கிடையாது. சுடுசோறும் குழம்பும் அந்த வெயிலில் யாருக்கு இறங்கும்? அப்போதுதான் உபதேசியாரின் மனைவி சூப்பு செய்யச் சொல்லிக்கொடுக்க வந்தாள். கெட்ட மனசுக்காரி இல்லை. அவள் எங்களுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். ஆட்டெலும்பு, மிளகு, வெங்காயம் போட்டு நாள் முழுக்கக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டினாள். துரைமார் வீட்டுப் பிள்ளைகள் இதைக் குடித்துத்தான் சிவப்பாகக் கொழுகொழுவென்று இருக்கிறார்கள் என்றாள். உச்சி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, நெருப்பாகக் கொதிக்கும் அந்தச் சூப்பைக் குடிக்க நாங்கள் வரிசையாக உட்கார்ந்தோம். மூக்கில் வியர்வை சொட்டியது. அப்பா உறிஞ்சிக் குடித்துவிட்டு, இதுல சத்து கீது என்றார். தம்பி ஒரு வாய் குடித்துவிட்டுத் தட்டியைப் பார்த்து, "அத்த, கூழு" என்று கூப்பிட்டான். அப்பா அவன் தொடையில் அடித்தார்.

அம்மாவுக்கு எங்கள் கஷ்டம் தெரிந்தது. சூப்பை ஆறவைத்துக் கொடுக்கலாமா என்று உபதேசியார் மனைவியைக் கேட்டாள். தாராளமாக, பங்களாவில் வெயில் காலத்தில் சூப்பைக் குளிரவைத்துத்தான் மேசைக்குக் கொண்டுபோவார்கள், கரண்டியால் வெட்டி எடுக்கலாம், அவ்வளவு கட்டியாக இருக்கும் என்றாள். அவள் ஒரு பங்களா சமையல்கட்டை வாசலில் நின்று பார்த்தவள். ரயிலில் மரத்தூளுக்குள் பொதிந்து வந்த ஐஸ் பெட்டியை அவள் பார்த்திருக்கவில்லை. என் அம்மா எங்கே பார்த்திருப்பாள்? அம்மாவுக்குத் தெரிந்த குளிர்ச்சி ஈர மணல்தான். எங்கள் பக்கத்தில் மரமில்லாத இடத்தில் ஒரு குழி வெட்டி, பானையைப் புதைத்து, சூப்பை ஊற்றி வைத்தாள்.

முதல் தடவை நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லவேண்டும். சாயங்காலம் வைத்து விடியற்காலையில் எடுத்தபோது ஓரமெல்லாம் இளநீர் வழுக்கை மாதிரி ஆடியது. மிளகும் எலும்புச் சாறும் நாக்கில் குளிர்ந்து கரைந்தன. அம்மாவின் முகத்தில் அன்று சிரிப்பு இருந்தது. இரண்டாவது தடவை வெயில் கடுமையாக இருந்தது. கழுநீர் போதவில்லை, மணல் மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. எடுத்துப் பார்த்தபோது சூப்பு நீர்த்துப்போய், மேலே நுரை கட்டி, ஒரு மாதிரி வாசனை அடித்தது. கூழ் புளித்தால் வரும் வாசனையை அறிந்த அம்மாவுக்கு இது அது இல்லை என்று தெரிந்தது. கொட்டிவிடலாம் என்றாள். கறியெலும்புச் சூப்பைக் கொட்டுவதா, இன்னும் கொஞ்சம் மிளகு போட்டுக் கொடு, புளிச்சாத்தானே குளிர்ச்சி என்றார் அப்பா. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைத் தெரியாமல் கொட்டினேன். தம்பிக்கு அப்பாவே மடியில் வைத்து ஊட்டினார். முன்பு தொடையில் அடித்ததற்குச் சமாதானமாக ஊட்டினார் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் தம்பி வாந்தியெடுத்தான். மறுநாள் பேதி. வாந்திபேதி என்று வெளியே தெரிந்தால் லைனுக்கு வெளியே இருந்த காலராக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். அப்பா கதவைச் சாத்தி வைத்தார். உபதேசியார் வந்து ஜெபித்தார். அவர் மனைவி ஜவ்வரிசிக் கஞ்சி கொண்டுவந்தாள், அவன் கக்கிவிட்டான். பால் கொடுத்தார்கள், கக்கினான். வெறும் தண்ணீரையும் கக்கினான். கண் உள்ளே போய்விட்டது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. அம்மா ஓயாமல் விசிறிக்கொண்டிருந்தாள்.

மதியம் பின்கட்டில் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் கேட்டது. பானை கவிழ்ந்த பிறகு அவள் எங்களிடம் பேசிய முதல் பேச்சு அது.

"ஏம்மா, புள்ளைக்கு உதடு காயுதா?"

"காயுது அண்ணி. எதுவும் தங்க மாட்டேங்குது."

"கூழு தெளிவு எடுத்து வெச்சிக்கீறேன். உப்பு போட்டிருக்கு, சில்லுனு கீது. தட்டிக்குக் கீழ நீட்டட்டா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு அன்று இரவு ஷிஃப்ட், அதனால் வீட்டில் இருந்தார். வாசற்படியில் உட்கார்ந்து வேதத்தை விரித்து வைத்திருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அந்தப் பானைத் தண்ணி என் வூட்டுக்குள்ள வரக்கூடாது."

பெற்ற பிள்ளை அங்கே காய்ந்துபோய்க் கிடக்கிறது. தன்னைப் பஞ்சத்தில் சாகாமல் காப்பாற்றிய கை அந்தப் பக்கத்தில் கிண்ணத்தோடு நிற்கிறது. இந்த மனிதர் அப்படிச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். 

அம்மா விசிறியைக் கீழே வைத்தாள். தம்பியைப் பழைய புடவையில் சுற்றித் தூக்கினாள்.

"வரவேணாம். நான் அங்க போறேன்."

அப்பா வாசலை மறித்து உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் எழுந்திருக்கக் காத்திருக்கவில்லை. அவர் தோள்மேல் புடவை உரச, விரித்த புத்தகத்தைத் தாண்டி இறங்கி, தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு அத்தை வீட்டுக்குள் போனாள். லைனே பார்த்தது. நான் பின்னாலேயே ஓடினேன்.

அத்தை வீட்டில் ஈரத் தரையில் பாய் போட்டிருந்தாள். அவள் ஏற்கெனவே பாய் போட்டு வைத்திருந்தாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. மேலே தெளிந்து நின்ற கூழ்த் தண்ணீரைப் பாலாடைச் சங்கில் எடுத்துத் தம்பியின் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். அம்மா அதிகம் கொடுக்கப் பார்த்தாள். அத்தை அவள் கையைத் தட்டிவிட்டாள். முதலில் கொஞ்சம் கக்கினான். அத்தை வாயைத் துடைத்துவிட்டு மறுபடியும் சொட்டு விட்டாள். அப்புறம் கக்கவில்லை. வெயில் இறங்கும்போது மூத்திரம் போனான். அத்தையும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள், என்னவோ பொன் கிடைத்த மாதிரி. கூழ்த் தண்ணீர்தான் அவனைப் பிழைக்க வைத்தது என்று சத்தியம் செய்ய நான் வைத்தியர் இல்லை. அவன் வயிற்றில் தங்கியது அது ஒன்றுதான். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

அவன் எழுந்து உட்காரும்வரை நாங்கள் அத்தை வீட்டிலேயே இருந்தோம். அந்த நாட்களில் உபதேசியார் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்தார். காலிப் பாயின் முன்னால் அப்பாவும் அவரும் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். தட்டி வழியாக எங்களுக்குக் கேட்டது. பிள்ளை இந்தப் பக்கம் கூழ் கேட்டு அழுதுகொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு கோயிலில் அப்பா சாட்சி சொல்ல எழுந்தார். கோட்டுப் போட்டிருந்தார். சபையார் ஜெபத்தினாலும், உபதேசியார் ஐயா வந்து கைவைத்ததினாலும், மரித்துப்போக இருந்த தன் மகனைக் கர்த்தர் திருப்பிக் கொடுத்தார் என்றார். சொல்லும்போதே அழுதார். பொய்யாக அழவில்லை, அவர் அதை நம்பினார். எனக்கு அதுதான் ஆறவில்லை. பெண்கள் பக்கம் பலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். கோயிலில் ஒரு பெண் அப்படி எழுந்து நின்று நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"ஜெபத்தை நான் கொறை சொல்லல. ஆனா சாட்சின்னா முழுசா சொல்லணும். என் நாத்தனார் கூழ்த் தண்ணி குடுத்தாங்க. அவங்க மடியிலதான் இவன் கண்ணு தெறந்தான்."

 உபதேசியார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி ஒரு கீர்த்தனையைத் தொடங்கினார். எல்லோரும் பாடினார்கள். உங்கள் அம்மாக்களும் பாடினார்கள்.

அதற்குப் பிறகு அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். படைத்த வீட்டுப் பண்டத்தைப் பிள்ளைக்குக் கொடுத்ததற்கும், சபையில் புருஷனைத் தலைகுனிய வைத்ததற்கும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். ஒரு தப்புக்குக் கேட்கிறேன், ஒரு நாள் தாமதமாகப் போனேன், அதற்குக் கேட்கிறேன் என்றாளாம் அம்மா. திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்கவிடாமல் தள்ளி வைத்தார்கள். அவள் கோயிலுக்குப் போவதை விடவில்லை. எல்லோரும் பந்திக்கு எழுந்துபோகும்போது தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், முதுகை நேராக வைத்துக்கொண்டு. நாங்கள் தாண்டிப்போவோம். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அப்பா மூப்பரானார். நீங்கள் சொல்கிற அந்தக் காலம் அப்படித்தான் தொடங்கியது.

மழை வருவதற்கு முன்பே மாமா கோரமண்டல் சுரங்கத்துக்கு வேலை மாற்றிக்கொண்டார். அத்தை பானைகளை வைக்கோலில் சுற்றி வண்டியில் ஏற்றினாள். அம்மாவிடமும் எங்களிடமும் சொல்லிக்கொண்டாள். தம்பியைத் தூக்கி முகர்ந்தாள். அப்பா ஷிஃப்ட்டில் இருந்த நேரமாகப் பார்த்துத்தான் வண்டியை வரச் சொல்லியிருந்தாள். அவள் தோண்டிய குழியில் பிறகு அப்பா அடுப்புச் சாம்பலைக் கொட்டினார்.

கோரமண்டல் என்ன சீமையிலா இருக்கிறது? ரயிலில் ஏறினால் உட்கார நேரமில்லை. அம்மா எங்களை அழைத்துக்கொண்டு போவாள், வருவாள். அப்பா ஒரு தடவை போகவில்லை. போகாதே என்று எங்களைத் தடுக்கவும் இல்லை. அக்கா எப்படி கீது என்று கேட்கவும் மாட்டார். நாங்கள் திரும்பி வரும்போது வாசலில் உட்கார்ந்திருப்பார், உடனே எழுந்து உள்ளே போய்விடுவார்.

நான் வளர்ந்து, எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய சமயத்தில், அத்தை இறந்துபோனாள் என்று ஷிஃப்ட் முடிந்து வந்த ஒருவர் செய்தி கொண்டுவந்தார். அப்பா கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். அம்மா கடைக்குப் போய் ஒரு புதுப்புடவை வாங்கிப் பையில் வைத்தாள். பிறந்த வீட்டுக் கோடி. அதைக் கூடப்பிறந்தவன் கையால்தான் போடவேண்டும். கடைசியில் இந்த மனிதருக்குப் புத்தி வந்ததே என்று நான் நினைத்தேன்.

கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கியதும் லைன் பக்கமிருந்து பறைச் சத்தம் கேட்டது. அப்பா நின்றுவிட்டார். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நீங்க போயிட்டு வாங்க. மூப்பரா இருந்துக்கினு நான் அங்க வந்து நிக்க முடியாது."

அம்மா பையிலிருந்த புடவையை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.  அவர் அதைப் பார்த்தார். கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார், சின்னப் பிள்ளைகள் அடிக்குப் பயந்து வைத்துக்கொள்வார்களே, அப்படி. அம்மா புடவையைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

சாவு வீட்டில் பெரியவர் ஒருவர் பிறந்த வீட்டுக் கோடி எங்கே என்று கேட்டார். அவங்க வேதக்காரங்களாச்சே, போடுவாங்களா என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. மாமா தலைமாட்டிலிருந்து நகர்ந்து இடம் விட்டார். தம்பி புடவையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னால் போனான். அவனுக்கு எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. அம்மா அவன் கையைப் பிடித்துக் கழுத்திலிருந்து கால் வரைக்கும் விரித்துப் போட வைத்தாள். பிறகு அங்கேயே முழங்காலில் நின்று, யாருக்கும் கேட்காமல், தன் ஜெபத்தைச் சொன்னாள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. பறை அடித்தவர்கள் அந்தக் கொஞ்ச நேரம் குச்சியை நிறுத்திவைத்தார்கள்.

திரும்பி வந்தபோது அப்பா அதே பெஞ்சில்தான் இருந்தார். எல்லாம் முடிஞ்சுதா என்றார். அம்மா அவரைத் தாண்டிப்போய்ப் பிளாட்பாரத்தின் மறுகோடியில் நின்றாள். ரயில் வந்தது. நான் அவருக்கு எதிரில் உட்கார வேண்டியதாகிவிட்டது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து என் பக்கமாகக் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"அக்கா முகம் எப்படி இருந்துச்சு?"

"நீங்க வந்து பாத்திருக்கணும்" என்றேன்.

அதற்குப் பிறகு மூப்பராகவே இன்னும் பல வருஷம் இருந்தார். கடைசிக் காலத்தில், நெஞ்சில் தூசி அடைத்து மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தபோது, இன்னும் ஒரு தடவை அதே கேள்வியை என்னைக் கேட்டார். அப்போதும் நான் சொல்லவில்லை.